இரண்டு வயதுக் குழந்தையின் சூப்பான் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

சூப்பான் என்பது பால் வராத ரப்பர் காம்பு. நிப்பிள் என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். சப்புவது பிறவியிலேயே வரும் பழக்கம், பசி தீர்ந்த பிறகும் அது குழந்தையை அமைதிப்படுத்தும். இரண்டு வயதில் அதைத் தேடுவது பெரும்பாலும் தூக்கம் வரும்போதோ பயப்படும்போதோதான். நம்முடைய நாலு மணிச் சாயா மாதிரி: தாகத்துக்காகவா குடிக்கிறோம்? நேரம் வந்தால் கை தேடும்.

அதனால் நேரம் பார்த்துக் குறையுங்கள். முதலில் பகலில் நிறுத்தி, தூக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். அப்புறம் அதற்கும் பதிலாகத் தாலாட்டு, முதுகில் மெல்லத் தட்டுவது. சில இரவுகள் அழும். நடுவில் இரங்கிக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

வேப்பெண்ணெய் தடவச் சொல்லும் பாட்டி நாகர்கோவில் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. வேண்டவே வேண்டாம், சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானாலும் சூப்பானில் தொட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே ஆபத்து, அதன் பிறகு பல் சொத்தையாகும்.

முன்பல் தூக்கிவிட்டது, இனி நிறுத்தி என்ன பயன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று வயதுக்குள் நிறுத்தினால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.