பழைய பந்தயக் கார்களும் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களும்: கேள்வி பதில்

சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் நடைபெறும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்குப் போகும் எண்ணத்துடன், பழைய கார்களைப் படமெடுப்பது பற்றித் திருகோணமலை அன்பர்கள் பலர் எனக்குக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் கையில் இருப்பவை தகப்பனோ மாமனோ விட்டுச்சென்ற, வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யவேண்டிய லென்ஸ்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய லென்ஸ்களுடனேயே வேலை செய்து வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களைக் கீழே தருகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, அப்பாவின் 135 மிமீ, எஃப் 2.8 லென்ஸை அடப்டர் மூலம் என் கமராவில் பொருத்தியிருக்கிறேன். எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வளையத்தைத் திருப்பிக்கொண்டே போகிறேன். ஒரு படமாவது தெளிவாக வரவில்லை. பிழை என் கையிலா, லென்ஸிலா?

இரண்டிலும் பிழையில்லை, தம்பி. ஓடி வரும் காரை வளையத்தால் துரத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். கார் எந்த இடத்துக்கு வந்தே தீரும் என்பதை முதலில் முடிவுசெய்து, அந்த இடத்தை ஃபோகஸ் செய்து, வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். முழுச் சட்டகக் கமராவில் (35 மிமீ படச்சுருள் அளவு சென்சர் கொண்டது) 135 மிமீ லென்ஸின் ஒளித்துளையை எஃப் 5.6 இல் வைத்து (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) 15 மீற்றர் தூரத்தை ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 13 மீற்றரிலிருந்து 17 மீற்றர் வரை, அதாவது நாலு மீற்றர் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். எஃப் 2.8 இல் அது இரண்டு மீற்றராகச் சுருங்கிவிடும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் 20 மீற்றர் கடக்கிறது. ஆகவே எஃப் 5.6 இல் அந்தக் கார் தெளிவு எல்லைக்குள் நிற்பது ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்குதான். கண் கண்டதை விரல் செய்து முடிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால், கார் குறித்த இடத்துக்கு வந்த பிறகு அழுத்தினால் பிந்திவிடுவீர்கள். அது நாலு மீற்றர் முன்னே இருக்கும்போதே விரல் இறங்கிவிட வேண்டும். இந்த முன்கூட்டல் ஓரிரு நாட்பயிற்சியில் கைக்கு வந்துவிடும்.

குறி வைப்பதற்கு வீதியிலேயே ஏதாவது இருக்கும். தார் ஒட்டுப்போட்ட இடம், ஓரக்கல்லின் வெள்ளைப் பூச்சு முடியும் இடம், ஒரு வெடிப்பு என எதுவானாலும் போதும். ஆனால் குறியில் எதை வைத்து அழுத்துவது என்பதில் கவனம் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையேற்றப் பந்தயத்தில், பச்சை நிறத் திறந்த எம்ஜி (பழைய பிரித்தானிய விளையாட்டுக் கார்) ஒன்று வளைவில் திரும்பி வந்தபோது, அதன் மூக்கு என் குறியைத் தொட்ட கணத்தில் அழுத்தினேன். கழுவிப் பார்த்த படத்தில் முன் கிறிலின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. இலச்சினையின் எண்கோண விளிம்பும் தெளிவாக இருந்தது. சாரதி கண்ணில் அணிந்திருந்த காற்றுக் கண்ணாடி மட்டும் கலங்கிய நீரில் கிடப்பதுபோல இருந்தது. அந்தக் காலத்து எம்ஜியின் பொனெட் நீளமானது. சாரதியின் முகம் மூக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் பின்னால் இருக்கிறது. அன்றிலிருந்து குறிக்கு நேரே சாரதியின் முகம் வரும் கணத்தையே கணக்கிடுகிறேன். திறந்த காரின் அழகே, தலைக்கவசத்துக்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதர்தானே.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: என் கமராவில், தெளிவாக இருக்கும் விளிம்புகள் நிறத்தால் மின்னும் வசதி இருக்கிறது. அது மின்னும்போது அழுத்தினாலும் படம் சற்றுக் கலங்குகிறதே?

அந்த மின்னல், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வேறுபாடு அதிகமுள்ள எல்லா விளிம்புகளிலும் தோன்றும். குரோம் பூச்சிலும் வெள்ளை இலக்கத்திலும் ஃபோகஸ் சற்று விலகியிருந்தாலும் மின்னிவிடும். அதனால் அதை ஒரு பருமட்டான வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். கார் வருவதற்கு முன், குறியை ஐந்து அல்லது பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் துல்லியமாகச் சரிசெய்யுங்கள். அப்பர்ச்சர் என்னும் ஒளித்துளையை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பின் எஃப் 5.6 க்கோ 8 க்கோ மூடுவது நல்லது. கமராவின் உள் அதிர்வுத் தடுப்பு பழைய லென்ஸை அறியாது. லென்ஸின் குவியத் தூரத்தை (135 மிமீ போன்ற எண்ணை) நீங்களே கமராவின் மெனுப் பட்டியலில் பதிய வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து ஓர் ஆசிரியர்: நான் எடுத்த படங்களில் கார் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் வீதியில் நிறுத்திவைத்ததுபோல உயிரில்லாமல் தெரிகிறது. வேகத்தை எப்படிக் காட்டுவது?

நீங்கள் ஷட்டர் 1/1000 செக்கன் மட்டும் திறந்திருக்கும்படி எடுத்திருப்பீர்கள். பழைய மினி காரின் சில்லு 10 அங்குல விளிம்பு கொண்டது; ரயருடன் சேர்த்து ஏறத்தாழ அரை மீற்றர் விட்டம். மணிக்கு 72 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு 12 அல்லது 13 தடவை சுற்றுகிறது. 1/1000 செக்கனில் அது ஐந்து பாகைகூடத் திரும்பாது. அதனால்தான் நிறுத்திவைத்ததுபோலத் தெரிகிறது. 1/60 செக்கனில் அதே சில்லு 75 பாகையளவு திரும்பிவிடும். எம்ஜி டிசி போன்ற கார்களின் 19 அங்குலக் கம்பிச் சில்லுகள் பெரியவை, ஆகவே மெதுவாகச் சுழல்பவை. ஆனால் கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் 1/125 இலேயே அழகான வெள்ளிப் புகைபோல மாறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் காரும் கலங்கும் என்பதால், கமராவை காரோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். கார் உங்களுக்கு நேரே, குறுக்காகக் கடக்கப்போகும் இடத்தை முன்பே ஃபோகஸ் செய்துவிடுங்கள். பாதங்களை அந்த இடத்தை நோக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்பி, தூரத்திலேயே காரைச் சட்டகத்துக்குள் எடுத்து, அதன் வேகத்திலேயே திரும்பி வந்து, பாதங்களுக்கு நேரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பலருடைய படம் கெடுவது அந்தக் கடைசி நொடியில் கை நின்றுவிடுவதால்தான்.

பயிற்சிக்கு நுவரெலியாவரை போகத் தேவையில்லை. நிலாவெளி வீதியோரத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடந்துபோகும் பேருந்துகளை 1/125 இல் தொடங்கி 1/60, 1/30 என்று இறங்கி எடுங்கள். பேருந்தின் பக்கவாட்டு எழுத்தை வாசிக்க முடிந்து, பின்னாலுள்ள பனைகள் கோடுகளாக இழுபட்டிருந்தால் கை பழகிவிட்டது என்று பொருள்.

ஒரு தடை இருக்கிறது. எமது பகல் வெயிலில், கமராவின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 இல் இருக்கும்போது, எஃப் 16, 1/125 என்பதே சரியான அளவு. 1/60 க்கு இறங்கினால் எஃப் 22 தேவைப்படும். அவ்வளவு சிறிய துளையில் படத்தின் கூர்மை மங்கும். சென்சரில் ஒட்டியிருக்கும் தூசிகளெல்லாம் புள்ளிகளாகத் தெரியும். மூன்று படி ஒளியைக் குறைக்கும் என்டி 8 கண்ணாடி ஒன்றை லென்ஸ் முகப்பில் பொருத்தினால், எஃப் 8 இல் நிம்மதியாக 1/60 கிடைக்கும். பழைய லென்ஸ் வைத்திருப்பவர் முதலில் வாங்கவேண்டிய துணைப்பொருள் இதுவே என்பேன்.

சாம்பல்தீவிலிருந்து: குறைந்த செலவில் ஒரே ஒரு லென்ஸ் வாங்குவதானால் எதை வாங்கலாம், அண்ணா?

வீதியோரத்தில் நிற்பவருக்கு 105 முதல் 135 மிமீ வரை பொருந்தும். நிக்கோர் 105 மிமீ, எஃப் 2.5 எனக்கு நெருக்கமானது. அதன் வளையம் எண்ணெயில் திரும்புவதுபோலத் திரும்பும். விலை குறைவு என்றால் எம் 42 திருகு வகை 135 மிமீ லென்ஸ்கள் ஏராளம். உங்களிடம் நிக்கோன் எஸ்எல்ஆர் கமரா இருந்தால் மட்டும் எம் 42 வேண்டாம். நிக்கோனில் லென்ஸ் தளத்துக்கும் சென்சருக்கும் இடைவெளி 46.5 மிமீ; எம் 42 க்கு வேண்டியது 45.46 மிமீ. அந்த ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தால், இடையில் திருத்தக் கண்ணாடி இல்லாமல் தூரக் காட்சி தெளிவாகாது. கெனன் இஎஃப் தளத்திலும் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமராக்களிலும் இந்தச் சிக்கல் இல்லை.

நகரிலிருந்து ஒரு சகோதரி: பழைய நிக்கோர் லென்ஸை என் ஆரம்பநிலை நிக்கோன் கமராவில் போட்டால் ஒளி அளவே காட்டுவதில்லை. கமரா பழுதா?

பழுதில்லை, தங்கச்சி. அந்த வரிசைக் கமராக்கள் மின்தொடர்பு இல்லாத லென்ஸுக்கு ஒளியை அளப்பதில்லை. எல்லா அளவையும் நீங்களே அமைக்கும் ‘M’ நிலையில் கமராவை வைத்து, மேலே சொன்ன வெயில் அளவிலிருந்து தொடங்கி, திரையைப் பார்த்துத் திருத்துங்கள். ஃபோகஸ் சரியானால் காட்சித்துளையில் பச்சைப் புள்ளி எரியும். அது உங்களுக்கு உதவும். உயர்நிலை நிக்கோன் உடல்களில் 1977 க்கு முந்திய லென்ஸைப் பொருத்தும் முன் அப்பர்ச்சர் வளையத்தைப் பாருங்கள். எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் பெரும்பாலும் பொருத்தலாம். ஒரே வரிசை என்றால் கமராவின் சிறு நெம்பு உடையக்கூடும்.

மூதூரிலிருந்து: அலுமாரியில் தோல் உறையோடு இருந்த லென்ஸினுள்ளே சிலந்தி வலைபோல ஏதோ தெரிகிறது. துடைக்க முடியுமா?

அது பூஞ்சணம். கடலோரத்தில் வாழும் எம் எல்லோருக்கும் பொதுவான துன்பம் இது, எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு வாடைக்காலத்தில் என் 135 மிமீ லென்ஸைத் தோல் உறைக்குள் மூன்று மாதம் மறந்துவிட்டேன். தை பிறந்து வெளியே எடுத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தபோது, பின் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நரைமயிர்போன்ற இழைகள் நடுவை நோக்கிப் படர்ந்திருந்தன. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இருட்டும் அசைவற்ற காற்றும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே இருப்பதை வெளியிலிருந்து துடைக்க முடியாது. லென்ஸைக் கழற்றத் தெரிந்த ஒருவரிடம் விரைவில் கொடுங்கள். பிந்தினால் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு எதைக் கொண்டும் திருப்ப முடியாது. தெரியாதவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒருமுறை அப்படிக் கொடுத்த லென்ஸ், ஒரு கண்ணாடி தலைகீழாகப் பொருத்தப்பட்டு என்னிடம் திரும்பியது.

இனி வராமல் தடுக்க, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். ஈரப்பதம் 40 க்கும் 50 க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் நிற்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அரிசித் தூள் வளையத்துக்குள் புகுந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரைக்குக் கொண்டுபோனால், உப்பும் மணலும் படிந்த முன்கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் ஊதித் தள்ளி, பின் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பைக்குள்ளேயே அரை மணித்தியாலம் விட்டுவிட்டால் கண்ணாடியில் நீர் கோர்க்காது.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு பெரியவர்: என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. பந்தயக் கார் இல்லையென்றாலும் அதை நல்லபடி படமெடுக்க விரும்புகிறேன். குரோம் பம்பரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. போலரைசர் போட்டும் குறையவில்லை.

ஐயா, போலரைசர் வர்ணப் பூச்சிலும் கண்ணாடியிலும் படும் பிரதிபலிப்பைக் குறைக்கும். குரோம் போன்ற வெறும் உலோகத்தில் அதற்கு வேலையில்லை. பம்பரில் என்ன பிரதிபலிக்கிறது என்பதைத்தான் மாற்றவேண்டும். காலையில் ஆறரை மணிக்கு வண்டியை டச்பே கடற்கரைப் பக்கம் கொண்டுவந்து, முகப்பு கடலைப் பார்க்க நிறுத்துங்கள். அந்த நேரத்தில் கிழக்கு வானமும் கடலும் இளஞ்சிவப்பாகப் பம்பரில் ஒரு பட்டைபோல விழும். பொனெட்டின் வளைவு முழுவதும் ஒளி வழுக்கிக்கொண்டு போகும். எட்டரை மணிக்குப் பிறகு அது கிடைக்காது. சூரியனை நோக்கி எடுப்பதானால், பழைய லென்ஸ்களின் பூச்சு மெல்லியது என்பதால் படம் வெளிறிவிடும். லென்ஸுக்கு ஹூட் என்னும் நிழல்மறைப்பைப் போடுங்கள், அல்லது துணைக்கு வருபவரை லென்ஸுக்கு மேலே கையால் நிழல் பிடிக்கச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து: பந்தயத்தில் எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?

வளைவின் உட்பக்கம், சற்று உயரமான மேட்டில், கார் வேகம் குறைத்துத் திரும்பும் இடம். அங்கேதான் முன்சில்லு திரும்பியிருக்கும், காரின் உடல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், சாரதியின் முகமும் உங்களை நோக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே கூடாது. பிடி தவறிய கார் போய்ச் சேருமிடம் அதுதான், அதுவும் பழைய கார்களின் பிரேக்கும் ரயரும் இன்றையவைபோல அல்ல. ஒழுங்குபடுத்துபவர்கள் காட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்று, 105 போதாவிட்டால் 135 ஐப் போடுங்கள். முதல் நாலைந்து கார்களைப் படமெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, எல்லோரும் எந்தத் தடத்தில் திரும்புகிறார்கள் என்று கண்டுகொண்டு, அந்தத் தடத்தில் உங்கள் குறியைத் தேடுங்கள்.