பூ நாயும் எஃகுப் பூவும்

கேள்வி: ஸ்பெயின் போன என் மகன், பில்பாவோ நகரின் குகன்ஹைம் மியூசியத்தில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பியிருந்தான். வாசலில் நிஜப் பூச்செடிகளால் ஆன பிரம்மாண்ட நாய், பின்பக்கம் உலோக டூலிப் பூக்கள். இரண்டும் ஒரே சிற்பி செய்ததாம். நிஜப் பூவையே வைக்கத் தெரிந்தவர் உலோகத்தில் எதற்குப் பூ செய்ய வேண்டும்? இயற்கை அழகின் முன் செயற்கை நிற்குமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: அந்த நாயில் இயற்கை எது என்று முதலில் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் 1992-இல் செய்த 'பப்பி' அது. உயரம் 12 மீட்டருக்கு மேல். உள்ளே துருப்பிடிக்காத எஃகுச் சட்டம், அதன் மேல் மண், மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதத்திலும் அக்டோபரிலும், சுமார் 38,000 செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுகிறார்கள். கோடைக்கு பெகோனியா, பெட்டூனியா, குளிருக்கு பான்சி. இந்த பெட்டூனியாவும் பான்சியும் காட்டில் தானாக முளைத்தவை இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் தோட்டக்காரர்கள் ஒரு இனத்தோடு இன்னொன்றைக் கலந்து கலந்து உண்டாக்கியவை. சரி, நாய்? வெஸ்ட் ஹைலண்ட் டெரியர், வெள்ளைக் குட்டிகளாகப் பொறுக்கி இணை சேர்த்து ஸ்காட்லாந்துக்காரர்கள் உருவாக்கிய ஜாதி.

டூலிப் சங்கதி இன்னும் வேடிக்கை. 1630-களில் ஹாலந்துக்காரர்கள் டூலிப் கிழங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொட்டினார்கள், 1637 பிப்ரவரியில் விலை ஒரேயடியாகச் சரிந்தது. அதில் எதற்கு மவுசு அதிகம் தெரியுமா? இதழில் தீ நாக்கு மாதிரி கோடு ஓடிய பூக்களுக்கு. அந்தக் கோடு வந்தது ஒரு வைரஸால், செடிக்குச் செடி அதைப் பரப்பியது அசுவினிப் பூச்சி, கோடு விழுந்த கிழங்கு வருஷா வருஷம் நோஞ்சானாகிக்கொண்டே போகும். அதாவது இயற்கை தன் கையால் போட்ட கோலம் என்று சீமான்கள் மயங்கியது நோயைப் பார்த்து! இன்று கடையில் கிடைக்கும் கோடு போட்ட டூலிப் நோயில்லாதது, மனிதன் அப்படியே வளர்த்தெடுத்தது. இரண்டில் எது செயற்கை? நீங்களே சொல்லுங்கள்.

கூன்ஸின் எஃகு டூலிப்கள் ஏழு. கண்ணாடியாக மெருகேற்றி, ஒளி ஊடுருவும் வண்ணம் பூசியவை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பூவுக்குப் பதில் உங்கள் முகம் தெரியும், வானம் தெரியும். அழகுதான், எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

பப்பியைப் பிடிக்கும், ஆனால் பூ நிஜம் என்பதற்காக அல்ல. உங்களுக்குப் பக்கத்திலேயே ஊட்டி மலர்க்காட்சியில் ஒவ்வொரு மே மாதமும் நிஜ கார்னேஷன் பூக்களைச் செருகி உருவங்கள் செய்கிறார்கள். பறித்த பூ, சில நாளில் வாடும், அதோடு சரி. பப்பியில் இருப்பது வேர் விட்ட செடி. எந்த நிறம் எங்கே என்று கணக்குப் போட்டு நட்டுவிட்டுக் கூன்ஸ் போய்விடலாம், அதற்கப்புறம் அது வெயிலின் பாடு, மழையின் பாடு. ஒரு பக்கம் புதராகத் தழைக்கும், இன்னொரு பக்கம் சோம்பிக் கிடக்கும். எஃகு டூலிப்பில் இந்தத் தொல்லையே கிடையாது, அதுதான் எனக்கு அதன் மேல் இருக்கும் குறை.

மகன் மறுபடி போனால் அக்டோபரில் போகச் சொல்லுங்கள். சாரம் கட்டி ஆட்கள் ஏறியிருப்பார்கள், நாய் பாதி மொட்டையாக நிற்கும். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.