இழைப்பு இயந்திரம்: பிராண்டா, கடைக்காரரா?

சுங்கை சிப்புட்டில் சிறு தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நீங்கள், ஈப்போவில் புது இழைப்பு இயந்திரம் வாங்குவதா, பாதி விலைக்குக் கிடைக்கும் ஜப்பான் பழையதை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிராண்டைப் பிறகு பார்க்கலாம் ஐயா. முதலில் மோட்டாரில் இருக்கும் தகட்டைத் துணியால் துடைத்துப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு மலேசியாவில் 230. நேரே செருகினால் மோட்டார் கருகிவிடும். மூன்று ஃபேஸ், அதாவது பெரிய இயந்திரங்களுக்கான மின் இணைப்பு என்றால் அங்கே 200, இங்கே 400. அந்த இணைப்பு உங்கள் பட்டறைக்கு இருக்கிறதா? ஹெர்ட்ஸையும் பாருங்கள், மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு அது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

மற்றபடி அந்தப் பழைய வார்ப்பிரும்பு மேசைகள் அருமையானவை, பொய் சொல்ல மாட்டேன். மேசைமேல் நேர்கோலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கத்தி பொருத்திய உருளையைச் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது.

புதியது மகிதாவோ போஷோ, கடைக்காரரிடம் ஒன்றே கேளுங்கள்: "இதற்கான கத்தியும் பெல்ட்டும் இப்போதே அலமாரியில் இருக்கின்றனவா?" எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிரித்துப் பேசிய ஒரு கடைக்காரரை நம்பி நான் வாங்கினேன். பெல்ட் அறுந்தது, அடுத்தது வரும்வரை ஏழு வாரம் கையால் இழைத்தேன். அதுவும் ரப்பர் மரப் பலகை, தோள் இறங்கிவிட்டது. உதிரிப்பாகம் வைத்து, தானே பழுதும் பார்ப்பவர் விற்றால், பெயர் தெரியாத தைவான் இயந்திரமானாலும் நான் வாங்குவேன்.