ஒம்பதாவது மாடில ஆடுச்சு, லிஸ்ட்ல 2:15க்கு எதுவுமே இல்ல

மத்தியானம் 2:15க்கு சென்னைல உங்க ஒம்பதாவது மாடி வீடு ஆடுச்சு, ஆனா யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு அமைப்பு) பூகம்ப லிஸ்ட்ல ஒண்ணும் இல்லயேன்னு கேக்குறீங்க. அதுல 2:15ன்னு தேடாதீங்க, காலை 8:30லேர்ந்து 8:45 வரைக்கும் பாருங்க. யூஎஸ்ஜிஎஸ் பக்கத்துல நேரம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கலாம், நம்ம நேரத்துலேர்ந்து அஞ்சரை மணி கழிக்கணும், செட்டிங்ஸ்ல மாத்தியும் வச்சுக்கலாம்.

மேப்ப சென்னை மேலயே ஸூம் பண்ணி வச்சிருந்தாலும் வராது. உங்களுக்கு ஃபேன் மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆடிருக்கு, கீழ் வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு சொல்றீங்க, அப்ப அது தூரத்துல வந்த பெரிய நடுக்கமா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா தூரத்துலேர்ந்து வர்ற நீளமான அலை உயரமான கட்டடத்ததான் ஆட்டும். உதாரணத்துக்கு, 2012 ஏப்ரல் 11 அன்னிக்கு சுமத்ரா பக்கம் 8.6 அளவுல நடுக்கம் வந்தது நம்ம நேரம் மத்தியானம் 2:08க்கு, அவ்ளோ தூரத்துலேர்ந்து அந்த நீளமான அலை இங்க வந்து சேரவே ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதனால நீங்க உணர்ந்த நேரமும் லிஸ்ட் நேரமும் ஒண்ணா இருக்காது.

மேப்ப அந்தமான், சுமத்ரா, மியான்மர் வரைக்கும் பெருசாக்கிட்டு இன்னொரு தடவ பாருங்க. இல்லன்னா நேஷனல் சென்டர் ஃபார் சீஸ்மாலஜி (இந்திய அரசோட நிலநடுக்க மையம்) பக்கம், அவங்களோட பூகம்ப் ஆப் ரெண்டும் பாருங்க, இந்தியால வர்ற சின்னது அதுலதான் கிடைக்கும். ஒரு மணி நேரம் கழிச்சும் எதுலயும் இல்லன்னா பக்கத்துல மெட்ரோ வேலை, பைலிங் (அஸ்திவாரத் தூண் இறக்குற வேலை) ஏதாவது நடக்குதான்னு விசாரிங்க.

ஒண்ணு மட்டும், மறுபடி ஆடுச்சுன்னா ஃபோன எடுக்காதீங்க, லிஃப்ட்டும் வேணாம், மேஜைக்கு அடியில போயிடுங்க. கடலோரமா இருந்தா ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் (சுனாமி எச்சரிக்கை குடுக்குற அரசு மையம்) அறிவிப்பு என்ன சொல்லுதுன்னு பாருங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்ட நம்பாதீங்க.