ஜெரி ரைஸ் ஏன் தலைசிறந்த ரிசீவர் எனப்படுகிறார்?

அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவர் என்பவர், குவார்ட்டர்பேக் வீசும் பந்தைத் தடுப்பாளர்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு முன்னேறுபவர். 1962-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ரைஸ், கொத்தனாரான தந்தைக்கு உதவியாகச் சாரத்தில் நின்று, சகோதரர்கள் கீழிருந்து எறியும் செங்கற்களைப் பிடித்துப் பழகியவர். அவருடைய கைப்பிடியின் உறுதிக்கு அதையே காரணமாகச் சொல்வார்கள்.

பெரிதும் அறியப்படாத மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவரை, 1985-இல் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி 16-ஆவது தேர்வாக எடுத்தது. முதல் பருவத்தில் எளிய பந்துகளையும் நழுவவிட்டு ரசிகர்களின் கூச்சலுக்கு ஆளானார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் 1987-இல் 12 ஆட்டங்களிலேயே 22 டச்டவுன்களை (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) பிடித்தார். 1989 ஜனவரியில் நடந்த, சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 11 பந்துகளைப் பிடித்து 215 யார்டுகள் சேர்த்து, ஆட்டநாயகன் விருதையும் பெற்றார்.

ஓட்டப்பந்தய வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் பலர் உண்டு. என் கணிப்பில், பருவம் முடிந்த பிறகும் மேட்டுப் பாதைகளில் ஓடிப் பெற்ற உடல்வலுவும், பந்தைப் பிடிக்க முன்பே வகுத்த பாதையில் அங்குலம் பிசகாமல் ஓடும் துல்லியமும்தான் அவரை 20 பருவங்கள் நிலைக்க வைத்தன. பின்னாளில் ரெய்டர்ஸ், சீஹாக்ஸ் அணிகளுக்கும் ஆடி, 1,549 பிடிகள், 22,895 யார்டுகள் என்ற கணக்குடன் 2005-இல் ஓய்வை அறிவித்தார்; யார்டுகளில் அவருக்கு அடுத்த இடத்திலிருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 5,000-க்கும் மேல் பின்தங்கியே நிற்கிறார்.