பேசாத இருவர்

அன்புள்ள அம்மா,

மதுரையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வண்டியூர் கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்களைப் பற்றி ஐந்து பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறோம். மூவர் தமிழர்கள். ஒருவன் கயாவிலிருந்தும் ஒருத்தி இம்பாலிலிருந்தும் வந்தவர்கள். இருவருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. நாங்கள் மூவரும் விடுதியில் பேசி முடிவெடுத்து வாட்ஸ்ஆப்பில் தெரிவிக்கிறோம். அதற்கும் பதில் இல்லை. குழுவை மாற்றித் தரும்படி கைடிடம் கேட்கலாமா?

தி., மேலூர்

அன்புள்ள தி.,

ஆங்கிலத்தை விட்டுவிடு. வாய்க்கால் அளக்க அது சரளமாக வரவேண்டியதில்லை. ‘விடுதியில் பேசி முடிவெடுத்து’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் எனக்குக் கோபமூட்டியது. எல்லாவற்றையும் மூன்று பேர் தமிழில் பேசி முடித்துவிட்டு மற்ற இருவருக்கும் தகவல் அனுப்புகிறீர்கள். முடிந்துபோன விஷயத்துக்கு அவர்கள் என்ன பதில் எழுதுவார்கள்? பிறகு வாய் திறப்பதில்லை என்று புகார் வேறு. இது என்ன மரியாதை?

சில நாட்களாக நான் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பள்ளித் தோழியின் வீடு அங்கே இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம். பாட்டியும் அத்தைகளும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள். துணியைச் சிறிதாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயத்தில் தோய்த்துப் பிரித்தால் கட்டிய இடம் புள்ளியாக நிற்கும். கூலிக் கணக்கு, சாயத்தில் குறை என்று அந்த வீட்டில் ஓயாத வாக்குவாதம், அவர்கள் மொழியில். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பாட்டி தமிழுக்கு மாறிவிடுவார். மகன்கள் மாறாவிட்டால் அதட்டுவார்: “பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தமிழில் பேசுங்கள்.” சாயக் கணக்கு தெரிந்து அந்த வயதில் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அது அடுத்தவர் வீடு என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழிகளோடு வாழ்பவர்களுக்கு, எதிரில் இருப்பவர் புரியாமல் உட்கார்ந்திருப்பது சட்டென்று கண்ணில் படும். அந்த ஊரில்தான் நீ படிக்கிறாய்.

2010இல் அனிதா வூலி என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 700 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து வேலை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழுவில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. ஓரிருவரே பேச்சைப் பிடித்துக்கொண்ட குழுக்கள் பின்தங்கின. எல்லோரும் ஏறக்குறைய சமமாகப் பேசிய குழுக்களும், அடுத்தவர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்கிறவர்கள் இருந்த குழுக்களும் முந்தின.

கயாக்காரனிடம் அவன் ஊர் நீரைப் பற்றி எப்போதாவது கேட்டாயா? தென் பீகாரில் ஆஹர், பைன் என்று ஒரு பழைய பாசன முறை இருக்கிறது. மூன்று பக்கம் கரை கட்டி மழைநீரைத் தேக்குவது ஆஹர். ஆற்றிலிருந்து நீரைத் திருப்பிக் கொண்டுவரும் வாய்க்கால் பைன். நம் கண்மாயும் வரத்துக் கால்வாயும் அப்படியே! இம்பாலுக்கு அருகே லோக்தாக் ஏரி. 1983இல் இதாய் தடுப்பணை வந்தபின் அங்கே நீர்மட்டம் உயர்ந்து சுற்றியிருந்த வயல்கள் மூழ்கின. இவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? கண்மாயை ஆராயும் குழுவில் இப்படி இருவர் கிடைத்தும் குழுவை மாற்றக் கேட்கிறாயே, பெண்ணே!

அடுத்த கூட்டத்தைக் கண்மாய்க் கரையிலேயே வை. ஐந்து பேரும் வராமல் எதையும் முடிவு செய்யாதே. முதலில் அவர்கள் இருவரும் பேசட்டும், தட்டுத் தடுமாறினாலும் குறுக்கே போகாதே. நீ கடைசியாகப் பேசு. அதன்பிறகும் ஒருவர் தன் பங்கு வேலையைச் செய்யவில்லையென்றால் முதலில் அவரிடமே நேரில் சொல். கைடிடம் போவதெல்லாம் அதற்கு அப்புறம்.