பீம் மேல் ஏறினால் கால் கிளம்பவில்லை

கேள்வி: என் மகளுக்கு 11 வயதுங்க. ஜிம்னாஸ்டிக்ஸில், பீம் என்கிற ஒடுக்கமான நீளக் கட்டை மேல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகப் பாய்ந்து, கை ஊன்றிப் புரண்டு, காலில் நிற்பது) நன்றாகச் செய்துகொண்டிருந்தாள். இப்போது கையைத் தூக்கியபடி நிற்கிறாள், கால் கிளம்புவதில்லை. தரையில் செய்கிறாள். "போன மாசம் செஞ்சதுதானே அம்மிணி" என்றால் அழுகிறாள். என்ன செய்யலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: அப்படிக் கேட்பதை முதலில் விடுங்கள். செய்து வந்தது வராமல் போனதுதான் அவளுக்கும் புரியவில்லை. இந்த வயதில் மளமளவென்று வளரும்போது கை, கால் நீளம் மாறி, பழைய கணக்கில் குதித்தால் கை ஊன்றும் இடம் தவறும். பீமின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். ஒருமுறை கை நழுவினாலே போதும், பயம் ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயமே வராத எளிய பயிற்சிப் படிக்கு அவளை இறக்கும்படி மாஸ்டரிடம் கேளுங்கள். முதலில் தரையில் போட்ட கோடு, பிறகு தரையோடு கிடக்கும் பீம், அதன்பின் தாழ்ந்த பீம். 125 சென்டிமீட்டர் உயரப் பீமுக்கு வரும்போது அடியிலும் இருபுறமும் பீம் மட்டம் வரை மெத்தை அடுக்கி, நாளாக நாளாக ஒவ்வொன்றாக உருவ வேண்டும். தயங்காமல் தொடர்ந்து ஐந்து முறை, அதுவும் இரண்டு மூன்று பயிற்சி நாட்களில் வந்தால்தான் அடுத்த படி. மாஸ்டர் "பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. அந்த நம்பிக்கை போனால் மீட்பது பெரும்பாடு.

பாதியில் மனம் மாறுவதுதான் பெரிய ஆபத்து. கிளம்பிய பிறகு உடம்பை இழுத்துக்கொண்டால் தலையோ கழுத்தோ அடிபடும். அதனால் கை தூக்கி, மூச்சை மெதுவாக விட்டு, "தள்ளு" என்று மனதுக்குள் சொல்லி உடனே போக வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் கிளம்பவில்லையென்றால் இறங்கிவிடட்டும். மூன்று முறை இப்படி ஆனால், முந்தைய படியை நன்றாகச் செய்து அன்றைக்கு முடித்துக்கொள்ளட்டும். நின்று நின்று இறங்கினால் அதுவே பழகிவிடும்.

வண்டியில் திரும்பும்போது "இன்னைக்குச் செஞ்சியா?" என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

கேள்வி: ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் 14 வயது மகன், ட்விஸ்ட் (காற்றில் உடம்பைத் திருகிச் சுற்றுவது) போடும்போது காற்றில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்கிறான்.
- வாசகர், கோபி

பதில்: இன்றே ட்விஸ்டை நிறுத்துங்கள். தைரியம் சொல்லிச் செய்யவைத்தால் கழுத்து போய்விடும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் இதனால்தான் பல இறுதிச் சுற்றுகளிலிருந்து விலகினார். கடைசியில் ட்விஸ்ட் இல்லாமல் குதித்து இறங்கி, பீமில் வெண்கலம் வென்றார். பையனும் ட்விஸ்ட் இல்லாதவற்றை மட்டும் செய்யட்டும். தெளிவு வந்தபின் ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய குழியில் நேராகக் குதித்து அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. குட்டிக்கரணத்தோடு ட்விஸ்ட் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.